மழை பெய்யாத காலையில் சொட்டும் கூரை

ஆசிரியர் அவர்களுக்கு,

தை, மாசி மாதங்களில் நுவரெலியா, கந்தப்பளை, நானுஓயா, லிந்துலைப் பக்கமெல்லாம் கேட்கும் முறைப்பாடு இது. இரவு முழுக்க வானம் தெளிந்து நட்சத்திரம் தெரிந்தது, ஒரு துளி மழை இல்லை. ஆனால் விடிந்து தகரத்தில் வெயில் பட்டதும் சீலிங்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கூரை ஒழுகுகிறது என்று கூரை வேலை செய்யும் பாஸை அழைத்து, ஆணி அடித்த இடமெல்லாம் தார் பூசி, முகட்டுத் தகட்டுக்கு சிலிக்கோன் அடித்து, கூலியையும் கொடுத்து முடிக்கிறார்கள். அடுத்த பனிக்காலையில் மறுபடியும் அதே சொட்டு.

அது ஒழுக்கு அல்ல, வியர்வை: அறையின் ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு விடும் நீர். ஒழுக்கு மழையோடு வரும், ஒரே இடத்தில் வரும், மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் நிற்கும். வியர்வை குளிர்ந்து தெளிந்த இரவுக்குப் பிறகு வரும், பரவலாக வரும், விடியற்காலை தொடங்கி வெயில் ஏறும்வரை நிற்காது. சீலிங் பலகையில் ஆணிக்கு ஆணி சிறு பழுப்பு வளையம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஆணியின் மேல்முனை குளிர்ந்து, அதில் நீர் கட்டி, துருவோடு இறங்கியிருக்கிறது. தார் பூசுவதால் இதற்கு ஒரு பயனும் இல்லை.

இந்தத் தொல்லை இப்போது கூடியிருப்பதற்குக் காரணம் வீடு கட்டும் முறை மாறியதுதான். தோட்டத் தொழிலாளரின் பழைய லயன் காம்பராக்களில் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி இருந்தது. விறகடுப்பு நாள் முழுக்க எரிந்து கூரையைச் சூடாகவே வைத்திருந்தது. புகையும் ஈரமும் அந்த இடைவெளியால் போய்விடும். குளிர், கரி, கண்ணெரிச்சல் எல்லாம் இருந்தன, அவற்றை யாரும் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் இடைவெளியைச் சீமெந்தால் அடைத்து, அடுப்பைக் கேஸுக்கு மாற்றி, கூரையின் சாய்வோடு சாய்வாக ஐ-பேனலோ (பிளாஸ்டிக் சீலிங் பட்டை) பலகையோ அடித்து உயரமான சாய்வுச் சீலிங் வைத்தபோது, ஈரம் போகும் வழியை மட்டும் யாரும் வைக்கவில்லை. அறை உயரமாகத் தெரியும், பார்வைக்கும் அழகு. சுற்றுலா விடுதி கட்டுகிறவர்களுக்கு அதில்தான் விருப்பம். மட்டச் சீலிங் அடித்தால் மேலே ஒரு ஆள் தவழும் அளவு காற்றுவெளி இருக்கும், பிழை விட்டாலும் அது தாங்கிக்கொள்ளும். சாய்வுச் சீலிங்கில் இருப்பது நாலு அங்குலம் மட்டும்.

கணக்கைப் பாருங்கள். தூங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரை வெளியே விடுகிறார். நால்வர் எட்டு மணி நேரம் படுத்தால் ஒரு லீற்றருக்கு மேல். ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் சுமார் 1.6 லீற்றர் நீர் ஆவியாக வெளிவரும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 20 லீற்றர் தண்ணீர் உங்கள் குசினிக் காற்றில் கலந்திருக்கிறது, சோறும் தேத்தண்ணியும் கொதித்த ஆவி தனி. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்றில் வெளியே துணி உலராது, வீட்டுக்குள்ளே கொடி கட்டுகிறோம். அதிலும் நாளுக்கு இரண்டு மூன்று லீற்றர்.

18 பாகை செல்சியஸ், 80 வீத ஈரப்பதம் உள்ள அறைக் காற்றில் ஒரு கனமீற்றருக்கு 12 கிராம் நீராவி இருக்கும். அந்தக் காற்று 14½ பாகைக்குக் குளிர்ந்தாலே நீர் விடத் தொடங்கும். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் தை மாத இரவு 10 பாகைக்குக் கீழே போவது வழமை. தெளிந்த இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் சில பாகை குளிர்ந்துவிடும். துகள் உறைபனி புல்லில் படிவதும் இதனால்தான். 6 பாகைத் தகரத்தை அந்த அறைக் காற்று தொட்டால், கனமீற்றருக்கு 7 கிராம்தான் தாங்கும், மிச்சம் 5 கிராம் தகரத்தின் அடியில் துளியாக நிற்கும். மேலேறிய காற்றின் இடத்துக்குக் கீழிருந்து புதுக் காற்று வந்துகொண்டே இருப்பதால் இரவு முழுக்க இந்த இறைப்பு நிற்காது.

அடுத்த பிழை, கொழும்பில் செய்வதை இங்கே அப்படியே செய்வது. அங்கே தொல்லை மேலிருந்து வரும் வெயில். தகரத்துக்கு அடியில் வெள்ளி முகமுள்ள 5 மில்லிமீற்றர் ஃபோம் தாளை விரித்துவிட்டால் ஓரளவு போதும். இங்கே தொல்லை கீழிருந்து மேலேறும் ஈரம். அந்தத் தாள் தகரத்தோடு ஒட்டிக் கிடந்தால் வெள்ளி முகத்தால் பயனில்லை, அதற்கு எதிரே குறைந்தது முக்கால் அங்குலக் காற்றுவெளி வேண்டும். ஃபோமின் தடிப்பை மட்டும் நம்பினால், மேலே தகரம் 6 பாகையில் இருக்கும் இரவில் தாளின் கீழ்முகம் 13 பாகைக்கு இறங்கும். நீர் விடும் வெப்பநிலை 14½. ஆகவே தாளே வியர்க்கும். ஒரு அங்குல ரெஜிபோம் (வெள்ளைத் தெர்மோகோல் பலகை) என்றால் கீழ்முகம் 16 பாகைக்கு மேலே நிற்கும், இரண்டு அங்குலம் என்றால் 17. கருப்புப் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க அந்த இரண்டாவது அங்குலமும் வேண்டும். மேற்பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் நீண்ட நாள் 80 வீதத்துக்கு மேல் நின்றால் போதும், துளி விழாமலே பூஞ்சணம் வளரும்.

இனிச் செய்யும் விதம். கீழிருந்து மேலே ஒவ்வொரு படையாகச் சொல்கிறோம்.

சீலிங் பலகைக்கு மேலே, கைமரத்தின் (முகட்டிலிருந்து தாழ்வாரம்வரை சாய்ந்திறங்கும் மரம்) அடிப்பக்கத்தில் 500 கேஜ் தடிப்புள்ள பொலித்தீன். மொத்த வேலையிலும் முக்கியமான படை இதுதான், விலையும் குறைவு, அதனாலோ என்னவோ எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஐ-பேனலும் ஒன்றோடொன்று செருகும் நாக்குப் பலகையும் காற்றுக்குச் சல்லடை மாதிரி. ஒவ்வொரு மூட்டிலும் அறைக் காற்று மேலே போகும். பொலித்தீனை 6 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, மூட்டு முழுக்க டேப் ஒட்டி, சுவரில் 4 அங்குலம் கீழே மடித்து, ரீப்பை வைத்து இறுக்க வேண்டும். மடிப்புக்குப் பின்னால் ஒரு கோடு சிலிக்கோன் போட்டால் நல்லது. மின்குமிழுக்காகச் சீலிங்கில் வட்டம் வெட்டிப் பதிக்கும் விளக்குகள் வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு புகைபோக்கி. சுவரிலோ, சீலிங்கின் மேற்பரப்பிலோ பொருத்தும் விளக்குப் போதும்.

பொலித்தீனுக்கு மேலே, கைமரங்களுக்கு நடுவில் 2 அங்குல ரெஜிபோம். கைமரம் 4 அங்குல உயரம் என்றால் மேலே 2 அங்குலம் வெறும் இடைவெளியாக நிற்க வேண்டும். ரெஜிபோமை மேலே தள்ளி அடைத்துவிடாமலிருக்க, கைமரத்தின் மேல்விளிம்பிலிருந்து 2 அங்குலம் கீழே இரு பக்கமும் வரிசையாக ஆணி அடித்து அரை அங்குலம் நீட்டி விடுங்கள். பலகை அந்த ஆணியோடு நின்றுவிடும். கைமரங்களின் நடு அகலத்துக்குச் சரியாக வெட்டி இறுக்கித் திணிக்காமல், இரு பக்கமும் கால் அங்குலம் விட்டு, அந்த இடத்தை டின்னிலிருந்து பீச்சும் ஃபோமால் நிரப்புவது மேல். திணித்த பலகை வளைந்து நடுவில் மேலே எழும்பி இடைவெளியைத் தின்றுவிடும். கைமரம் 3 அங்குலம்தான் என்றால் நடுவில் ஒரு அங்குலமும், கைமரத்துக்கு அடியில் குறுக்காக இன்னொரு அங்குலமும் வையுங்கள், பொலித்தீன் அதற்குக் கீழே வரட்டும். மரத்தின் வழியாகப் போகும் குளிரையும் அது மறைக்கும்.

கைமரத்தின் மேலே, தகரத்துக்குக் கீழே, நீர் வடியும் தாள் (நீர்த்தாள்) ஒன்று. ஃபாயில் தாளோ, கூரைக்கென்று விற்கும் விரிப்போ எதுவானாலும் சரி. இதைப் பீலிப் பக்கத்திலிருந்து விரித்துக்கொண்டு மேலே போக வேண்டும். மேல் தாள் கீழ்த் தாளின் மேலே 6 அங்குலம் ஏறிக் கிடக்க வேண்டும், மீன் செதில் மாதிரி. தலைகீழாக ஏற்றினால் துளி மூட்டுக்குள் புகும். கடைசி விளிம்பு, தாழ்வார நுனியில் அடிக்கும் வலன்ஸ் பலகையைத் தாண்டி 2 அங்குலம் பீலிக்குள் தொங்க வேண்டும். பல வீடுகளில் இந்தத் தாள் சுவருக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. வடிந்த நீரெல்லாம் சுவருக்குள் இறங்கி, சன்னல் மேல்மூலையில் கறையாகத் தெரிகிறது.

அந்தத் தாளின் மேல், ஒவ்வொரு கைமரத்தின் நீளத்துக்கும் 2க்கு 1 ரீப்பை ஒன்று அடித்து, அதன்மேல்தான் குறுக்கு மரம், அதன்மேல் தகரம். இந்த நீள ரீப்பையை மிச்சம் பிடிக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் குறுக்கு மரங்கள் தாளோடு ஒட்டி, வடியும் துளிக்கு ஒவ்வொன்றும் ஓர் அணையாகிவிடும். மரம் உளுப்பதும் அந்த இடத்தில்தான்.

12 அடிக்கு 15 அடி அறை, ஒருபக்கச் சாய்வு 25 பாகை என்று வைத்துக்கொள்வோம். சாய்வு நீளம் 13¼ அடி, மொத்தம் 200 சதுர அடி. 2 அடிக்கு ஒரு கைமரம் வீதம் எட்டு இடைவெளிகள். 8க்கு 4 அடி ரெஜிபோம் தகடு ஒன்றில் 21½ அங்குலப் பட்டை இரண்டு வரும், ஆக 7 தகடு. பொலித்தீன் ஏற்றும் மடிப்பும் சேர்த்து 240 சதுர அடி. தாழ்வாரம் 2 அடி நீண்டால், ஒன்பது கைமரத்துக்கும் 2க்கு 1 ரீப்பை 140 அடி. நீர்த்தாள் 270 சதுர அடி வாங்கினால் கையிருப்பும் மிஞ்சும்.

காற்று போகும் வழியைப் பற்றித்தான் பாஸ்மாருக்கும் வீட்டுக்காரருக்கும் அதிக வாக்குவாதம். பிரித்தானியக் கட்டட வழக்கில் சாய்வுச் சீலிங்குக்குச் சொல்லும் அளவு இது: தாழ்வாரத்தில் நீளம் முழுக்க 25 மில்லிமீற்றர் திறப்பு, நடுவில் 50 மில்லிமீற்றர் இடைவெளி, முகட்டில் நீளம் முழுக்க 5 மில்லிமீற்றர். இங்கே சிலர் ஒரு இடைவெளிக்கு ஒரு அங்குலத் துளை ஒன்று போட்டுவிட்டு முடிந்தது என்கிறார்கள். 2 அடி அகலத்துக்கு ஒரு அங்குலத் திறப்பு என்றால் 24 சதுர அங்குலம். ஒரு அங்குலத் துளை ஒன்று முக்கால் சதுர அங்குலத்துக்குச் சற்று மேல். முப்பது துளை போட்டால்தான் கணக்குச் சரி. நீளத் திறப்பாகவே விடுவது இலகு.

எலியும் வௌவாலும் குளவியும் புகாமலிருக்கத் துருப்பிடிக்காத வலை அடியுங்கள், கண் 3 அல்லது 4 மில்லிமீற்றர். நுளம்பு வலை வேண்டாம், ஒரே வருடத்தில் தூசியும் ஈரமும் சேர்ந்து பூசினாற்போல் அடைத்துவிடும். வலை மறைக்கும் பங்கை ஈடுசெய்யத் தாழ்வாரத் திறப்பை ஒன்றரை அங்குலமாக்குங்கள். சுவர் மேல் வளையைத் தாண்டும் இடத்தில் ரெஜிபோம் தகரத்தோடு முட்டாமல் அதன் மேல்மூலையைச் சரித்து வெட்ட வேண்டும். திறப்பு வெளியே அழகாக இருக்கும், உள்ளே இந்த ஒரு மூலையில் எல்லாம் அடைபட்டிருக்கும்.

முகட்டில் பயம் நியாயமானது. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் ஆனி ஆடி மழை நேராக விழாது, காற்றோடு மேல்நோக்கி ஏறும். அதற்காக முகட்டை அடைத்துவிடாமல், தகரத்தின் மேல்நுனியில் பள்ளங்களை இடுக்கியால் ஒரு அங்குலம் மேலே மடியுங்கள். முகட்டுத் தகடு இரு பக்கமும் 8 அங்குலம் மூடட்டும். தகட்டுக்கும் தகரத்தின் மேட்டுக்கும் நடுவில் வலையோடு கூடிய சிறு இடைவெளி போதும். நீர்த்தாளையும் முகட்டில் இரண்டு அங்குலம் வெட்டி விட வேண்டும், இல்லாவிட்டால் அதற்குக் கீழே உள்ள இடைவெளிக்கு வெளிவாசல் இல்லை. மேல் திறப்பு ஒருபோதும் கீழ்த் திறப்பைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பெரிதானால், தாழ்வாரத்தால் கிடைக்காத காற்றைக் கூரை உங்கள் படுக்கையறையிலிருந்து இழுக்கும்.

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் படங்கள் குளிரில் காற்று காய்ந்திருக்கும் நாடுகளுக்கு வரைந்தவை. நம் மலையில் பருவமழை நாளில் வெளிக்காற்றே மூடுபனி. அதைக் கூரைக்குள் விட்டால் ஈரம் உலராது. தெளிந்த இரவில் வெளிக்காற்றில் உள்ள ஈரமே குளிர்ந்த தகரத்தின் அடியில் துளியாகும். அதனால்தான் இங்கே நீர்த்தாளை விருப்பப்பட்டால் போடும் பொருளாக நாம் எண்ணவில்லை. துளி விழத்தான் செய்யும், விழுந்தது பீலிக்குப் போக வேண்டும். காற்றுத் திறப்பு பகலில் வெயில் பட்ட இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை உலர்த்தும். அறைக் காற்றைக் கீழே தடுத்து நிறுத்தாமல் மேலே மட்டும் எத்தனை திறப்பு வைத்தாலும் ஆடி மாதத்தில் தோற்றுப்போகும்.

தகரத்தைக் கழற்ற வசதியில்லாத பழைய வீடுகளுக்கும் வழி உண்டு. சீலிங்கை மட்டும் கழற்றி, ஒவ்வொரு இடைவெளிக்கும் முகட்டிலிருந்து பீலிவரை மூட்டில்லாத ஒரே தாளைக் குறுக்கு மரத்துக்குக் கீழே ஓடம் மாதிரி வளைத்து, இரு பக்கமும் கைமரத்தில் ஒரு அங்குல ரீப்பை வைத்து அடியுங்கள். துளி அந்த ஓடத்தில் வடியும். அதற்குக் கீழே ஒரு அங்குலமாவது விட்டு ரெஜிபோம், பிறகு பொலித்தீன், பிறகு சீலிங். அஸ்பெஸ்டஸ் கூரைக்கு அடியில் இந்த வேலை செய்தால் ஷீட்டைத் துளைக்கவோ அரமெடுக்கவோ வேண்டாம், மரத்தில் மட்டும் ஆணி அடியுங்கள். அஸ்பெஸ்டஸும் கூரை ஓடும் ஓரளவு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தகரம் உறிஞ்சாது. கூரையைத் தகரத்துக்கு மாற்றிய முதல் வருடமே சொட்டுத் தொடங்குவதன் காரணம் இதுதான், தகரம் மட்டமானது என்பதல்ல.

ரெஜிபோமைப் பற்றி எச்சரிக்கை. அது வேகமாக எரியும், உருகித் தீத்துளியாக விழும், புகை கடுமை. குசினிக்கு மேலேயும் புகைபோக்கிக்குப் பக்கத்திலும் வைக்கவே கூடாது, அங்கே ரொக் வூல் (பாறை இழைப் பஞ்சு) போடுங்கள், அதுவும் நனையாதபடி. மற்ற அறைகளிலும் அதற்குக் கீழே ஜிப்சம் அல்லது சீமெந்து ஃப்ளாட் ஷீட் இருப்பது பாதுகாப்பு, ஐ-பேனல் தீயைத் தடுக்காது. மின்கம்பியை ரெஜிபோமோடு தொட விடாதீர்கள். கம்பியின் பி.வி.சி. உறையில் உள்ள மென்மையாக்கும் பொருளை ரெஜிபோம் உறிஞ்சிவிடும், உறை விறைத்து வெடிக்கும். குழாய்க்குள் விட்டு இழுங்கள்.

மரம் காயாமல் மூடுவதும் பெரிய பிழை. பச்சைக் கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) மரத்தில் கைமரம் போட்டு, அடுத்த கிழமையே பொலித்தீனும் சீலிங்கும் அடித்தால், மரத்தின் நீர் உள்ளேயே நிற்கும். ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இறங்கிய பின் மூடுங்கள். புதுப் பூச்சுச் சுவரும் பல மாதம் நீர் விடும். சீலிங் அடிக்கும் வேலையை மாசி, பங்குனிக்குத் தள்ளிவைத்தால் பாதித் தொல்லை குறையும்.

அறைக்குள் ஈரத்தைக் குறைக்காமல் கூரையை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. குசினியிலும் குளியலறையிலும் 6 அங்குல இழுவிசிறி, குழாய் சுவர் வழியாக வெளியே போக வேண்டும். அதைக் கூரை இடைவெளிக்குள் விட்ட வீடுகளும் உண்டு, அங்கே நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குளித்த பின் கால் மணி நேரம் ஓடட்டும். சன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துவாரங்களைக் குளிருக்காகப் பத்திரிகைத் தாளால் அடைக்காதீர்கள் (உங்கள் பத்திரிகையாக இருந்தாலும்தான்). சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் படுக்கையறையில் வைத்து, காலையில் 70 வீதத்துக்கு மேல் காட்டினால் எதை மாற்றலாம் என்று பாருங்கள். வேலை முடிந்ததும் காற்றடிக்கும் நாளில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திச் சீலிங் மூட்டுகளுக்குக் கீழே நகர்த்துங்கள். புகை மேலே இழுபட்டால் அந்த மூட்டில் டேப் ஒட்டவில்லை. தாழ்வாரத் திறப்பில் புகை உள்ளே போக வேண்டும்.

தோட்டங்களில் சிறு காணிகளில் 550 சதுர அடி வீடுகள் எழும்புகின்றன. சீலிங் அடிப்பது பெரும்பாலும் குடியேறிய பின் வீட்டுக்காரர் தலையில். வரைபடத்தில் நிலப்படமும் முன்தோற்றமும் இருக்கும், தாழ்வாரமும் முகடும் எப்படி முடிகின்றன என்பதைக் காட்டும் பெரிய அளவு வெட்டுமுகம் இருப்பதில்லை. திட்டம் வரைகிறவர்களிடமும், அனுமதி கொடுக்கும் பிரதேச சபைகளின் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களிடமும் நாம் கேட்பது அந்த இரண்டு வெட்டுமுகங்களையும் ஒரே தாளில் சேர்த்துத் தரும்படி. தகரம் போடும் நாளிலேயே நீர்த்தாளும் நீள ரீப்பையும் போட்டுவிட்டால், பிறகு யார் எந்தச் சீலிங் அடித்தாலும் கூரையைக் கழற்ற வேண்டி வராது.

இப்படிக்கு,
கட்டட வேலையில் உள்ள வாசகர்கள்,
தலவாக்கலை.